ரெஸ்யூமில் ஆளைக் காணோம்

நம்மூர் ரெஸ்யூமின் கடைசி வரி ஒரு சத்தியப் பிரமாணம். மேலே தந்த விவரங்கள் யாவும் நான் அறிந்தவரை உண்மை என இதன்மூலம் உறுதியளிக்கிறேன். இடம், தேதி, கையொப்பம். கோர்ட்டில் தாக்கல் செய்யும் பத்திரம் மாதிரி. அதற்கு மேலே இருக்கும் ஒன்றரைப் பக்கத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள். பெயர், பிறந்த தேதி, மதிப்பெண் இவை மூன்றும் உண்மை. மிச்சமெல்லாம் யாரோ எழுதியது. "சவாலான சூழலில் பணியாற்றி நிறுவனத்தோடு சேர்ந்து வளர்வதே என் லட்சியம்" என்ற வரியை நான் எத்தனை நூறு முறை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. கடின உழைப்பாளி, விரைவில் கற்பவர், குழுவாக இயங்குபவர். பொழுதுபோக்கு: பாட்டுக் கேட்பது, கிரிக்கெட். இந்த ஆளை நான் ஒருநாளும் நேரில் சந்தித்ததில்லை. நேரில் வந்து உட்காருவது எப்போதும் வேறு யாரோ.

இந்தக் கட்டுரை அந்த ஒன்றரைப் பக்கத்துக்கு எதிரானது. அதை எழுதுகிற பிள்ளைகளுக்கு எதிரானது அல்ல. எழுதச் சொல்லிக் கொடுத்தவர்களுக்கு எதிரானது.

நான் மேஜையின் இரண்டு பக்கமும் உட்காருகிறவன். கொடைக்கானலுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் முன்னால், பழனி ரோடும் வத்தலக்குண்டு ரோடும் சேருகிற பெருமாள்மலையில் இருந்துகொண்டு சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறேன். கம்பெனிக்காக ஆன்லைனில் நேர்காணல் எடுப்பது வேலையின் ஒரு பகுதி. மழையில் நெட் போகாத நாட்களில் வாரத்துக்கு நாலைந்து பேரிடம் பேசுகிறேன். இன்னொரு பக்கம், மலையிலிருந்து கீழே போய்ப் படித்துவிட்டு வந்த பிள்ளைகள், "அண்ணே, கொஞ்சம் பாத்துக் குடுங்க" என்று பி.டி.எஃப். அனுப்புகிறார்கள். ஆகவே ஒரு ரெஸ்யூம் எப்படிப் பிறக்கிறது, எப்படிச் சாகிறது என்று இரண்டையும் பார்க்கிறேன்.

பூம்பாறையிலிருந்து ஒரு தம்பி வந்தான். மின்னணுவியல் படித்தவன். இறுதியாண்டு ப்ராஜெக்ட் என்று போட்டிருந்தது 'ஸ்மார்ட் இரிகேஷன் சிஸ்டம்'. மண்ணின் ஈரத்தை ஒரு சென்சார் அளக்கும், ஈரம் குறைந்தால் மோட்டார் ஓடும், ஃபோனில் செய்தி வரும். மண் காய்ந்திருந்தால் சென்சார் என்ன மதிப்பு காட்டும், கூடுமா குறையுமா என்று கேட்டேன். தெரியவில்லை. மதுரையில் ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் நாலு பேர் சேர்ந்து காசு கொடுத்து வாங்கியது. போர்டும் ஒயரும் பைண்டு பண்ணின அறிக்கையும் சேர்த்து ஒரே விலை.

சரி, உங்க காட்டுக்குத் தண்ணி எப்படிடா பாயுது என்று கேட்டேன். அப்புறம் இருபது நிமிஷம் அவன்தான் பேசினான். மேலே ஓடையிலிருந்து ஓஸ் போட்டு இறக்குகிறார்கள், மோட்டார் கிடையாது. நாலு குடும்பத்துக்கு ஒரே குழாய். படிக்கட்டு வயலில் மேல் தட்டுக்காரன் திறந்தால் கீழே அழுத்தம் எப்படி மாறும் என்று விரலை வைத்துக் காட்டினான். மழை பெய்தால் சருகும் மண்ணும் வந்து அடைத்துக்கொள்ளும். வாரத்துக்கு ரெண்டு தடவை ஏறிப் போய்ப் பிடுங்கிச் சுத்தம் பண்ணணும். ஒரு பழைய டிரம்மில் கம்பி வலை கட்டி, தண்ணீர் முதலில் அதில் விழுந்து வண்டல் தங்கட்டும் என்று இவன்தான் வைத்திருக்கிறான். இப்போது மாதத்துக்கு ஒருமுறை ஏறினால் போதும். யாருக்கு எந்த நேரம் என்ற முறைச்சண்டைக்கு ஒரு அட்டவணை போட்டு வாட்ஸப் குரூப்பில் ஓடவிட்டவனும் இவன்தான். பூண்டுக்குக் கடைசி மாசம் தண்ணியைக் குறைக்கணும், அதையும் கணக்கில் சேர்த்திருக்கிறான்.

இது ரெஸ்யூமில் ஒரு வரிகூட இல்லை. ஏன்டா போடல என்றால், "அது எங்க காட்டு வேலை அண்ணே" என்றான்.

யோசித்துப் பாருங்கள். சிக்கலைக் கண்டுபிடித்தது, கையில் இருப்பதை வைத்துத் தீர்த்தது, பலனை எண்ணிப் பார்த்தது, நாலு குடும்பத்தை ஒத்துக்கொள்ள வைத்தது. பொறியியல் என்றால் இதுதான். ஆனால் அவன் அதைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, காசு கொடுத்து வாங்கின பாசனத்தைக் காகிதத்தில் ஒட்டிக்கொண்டு வருகிறான். அவனுக்கு அது வெட்கம், இது கௌரவம். இந்தத் தலைகீழ்ப் புத்தியை யாரோ அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

சொல்லிக் கொடுத்தவர்களைப் பார்ப்போம். கல்லூரிக்கு மூன்று நாள் வந்து போகும் பயிற்சியாளர் ஒரு டெம்ப்ளேட் தருவார். இரண்டு பத்தி, இடது ஓரத்தில் கலர், நட்சத்திரம் போட்டுத் திறமைகள்: பைத்தானுக்கு நாலு நட்சத்திரம், தமிழுக்கு ஐந்து. கூடவே இரண்டு எண்கள் சொல்வார். ஒன்று, உங்கள் ரெஸ்யூமை ஆறு விநாடிதான் பார்ப்பார்கள். இரண்டு, நூற்றில் எழுபத்தைந்து ரெஸ்யூமை ஏ.டி.எஸ். என்ற மென்பொருளே கழித்துக்கட்டிவிடும். முதல் எண் 2012இல் தி லேடர்ஸ் என்ற அமெரிக்க வேலைவாய்ப்புத் தளம் முப்பது பேரை வைத்துச் செய்த ஒரு சோதனையிலிருந்து வருவது. அதே தளம் 2018இல் திரும்பப் பார்த்தபோது அது 7.4 விநாடி ஆனது. இரண்டாவது எண்ணுக்கு ஆய்வு எங்கே என்று கேளுங்கள், பேச்சை மாற்றுவார்கள். பயத்தை விற்றால்தான் டெம்ப்ளேட் விலைபோகும்.

ஏ.டி.எஸ். இருக்கிறது, உண்மை. அதன் அடிப்படை வேலை சாதாரணமானது. வந்த கோப்புகளிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுத்து, பெயர், படிப்பு, அனுபவம் என்று கட்டங்களில் போட்டு, ஆள் எடுப்பவர் தேடும்போது காட்டும். அது குழம்புவது எதில் தெரியுமா? இரண்டு பத்தியில், படமாகப் போட்ட எழுத்தில், அட்டவணைக்குள் அட்டவணையில், நட்சத்திரத்தில். பயிற்சியாளர் காசு வாங்கிக்கொண்டு கொடுத்த அலங்காரம் எல்லாவற்றிலும்தான். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தில், ஒரே பத்தியாக, தலைப்புப் போட்டு எழுதினது எந்த மென்பொருளிலும் உருப்படியாக இறங்கும். இதைச் சொல்லிக்கொடுக்க மூன்று நாள் தேவையில்லை, மூன்று நிமிஷம் போதும்.

இயந்திரத்துக்குப் பிடித்த வார்த்தைகளை அள்ளிப் போடு என்பது அடுத்த உபதேசம். இயந்திரத்துக்கு எது பிடிக்கும்? அமேசான் 2014 வாக்கில் ரெஸ்யூம்களுக்கு மதிப்பெண் போடும் ஒரு கருவியைச் செய்தது. பத்தாண்டுகளாகத் தங்களுக்கு வந்த ரெஸ்யூம்களைக் காட்டி அதைப் பழக்கினார்கள். வந்ததில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. அது 'பெண்கள்' என்ற சொல் வந்தாலே, அதாவது பெண்கள் செஸ் மன்றத் தலைவி என்பது மாதிரி வந்தாலே, மதிப்பெண்ணைக் குறைத்தது. ஆண் பொறியாளர்கள் அதிகம் எழுதுகிற 'நிறைவேற்றினேன்', 'கைப்பற்றினேன்' வகை வினைச்சொற்களைத் தூக்கிப் பிடித்தது. கம்பெனி அதைக் கைவிட்டது. 2018 அக்டோபரில் ராய்ட்டர்ஸ் இதை வெளியிட்டது. ஆக, இயந்திரத்துக்குப் பிடித்தது என்பது ஏற்கெனவே உள்ளே இருப்பவனின் சாயல். பூம்பாறைத் தம்பி எத்தனை வார்த்தையைக் கடன் வாங்கினாலும் அந்தச் சாயலில் அவன் இரண்டாம் தரமாகத்தான் இருப்பான். இப்போது அந்த வார்த்தைகளைச் சாட்பாட் இலவசமாகவே எழுதிக் கொடுத்துவிடுகிறது. ஒரே வாரத்தில் எனக்கு வந்த மூன்று பேருமே 'முடிவுகளால் உந்தப்படுபவர்'கள்.

இதில் தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு வேடிக்கை உண்டு. 2010-11 கல்வியாண்டிலிருந்து, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளின் கல்விக் கட்டணத்தை அரசு ஏற்கிறது. அதற்கு ஒரு சான்றிதழ் வேண்டும். எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்று வருவாய்த்துறை கையெழுத்துப் போட்டுத் தரும். படிப்புக்குள் நுழையும்போது பெருமையாக நீட்டுகிற காகிதம் அது. நாலு வருஷம் கழித்து வெளியே வரும்போது, அதே பிள்ளை அந்தக் காகிதம் சொன்ன வாழ்க்கை முழுவதையும் துடைத்துவிட்டு 'ஃப்ரெஷர்' என்று எழுதுகிறது. புதுசு. இதற்கு முன்னால் எதுவும் செய்யாதவன்.

யார் ஃப்ரெஷர்? வில்பட்டிப் பக்கம் ஒரு பெண். ப்ளஸ் ஒன்னிலிருந்து சித்தப்பாவின் ஹோம்ஸ்டேயைப் பார்த்துக்கொள்கிறாள். ஆறு அறை. சீசனில் புக்கிங் எடுப்பது, இரண்டு தளத்தில் ஒரே அறை விற்றுப்போனால் சமாளிப்பது, பில் போடுவது, துணி துவைக்கிறவருக்கும் சமையல்காரருக்கும் கணக்குத் தீர்ப்பது எல்லாம் அவள்தான். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வர இ-பாஸ் கட்டாயமானபோது, அடிவாரத்தில் மாட்டிக்கொண்ட விருந்தினர்களுக்கு ஃபோனில் வழி சொன்னதும் அவள்தான். ராத்திரி பதினோரு மணிக்கு வெந்நீர் வரவில்லை என்று கத்துகிறவரைச் சமாதானப்படுத்தத் தெரியும். அவள் விண்ணப்பித்தது வாடிக்கையாளர் சேவை வேலைக்கு. ரெஸ்யூமில் அனுபவம்: இல்லை. "சம்பளம் வாங்கலையே அண்ணே, வீட்டு வேலைதானே." கல்லூரியில் அரைநாள் நடந்த தலைமைப் பண்புப் பட்டறையின் சான்றிதழ் மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது.

சம்பளம் வாங்காத வேலை வேலை இல்லை, உடம்பு அழுக்காகிற வேலை வேலை இல்லை, தமிழில் நடந்த வேலை வேலை இல்லை. இந்த மூன்று பொய்களின் மேல்தான் நம் ரெஸ்யூம் நிற்கிறது.

இலக்கிய நண்பர்கள் வேறு ஒரு காரணத்துக்காக முகம் சுளிப்பார்கள். ரெஸ்யூம் என்பதே தன்னைத் தட்டில் வைத்து விற்பது, தற்புகழ்ச்சி நம் மரபில்லை என்பார்கள். மரபைப் பார்த்தாவது பேசலாம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரப் பகுதி இந்தப் பிரச்சினையை நேராகவே எடுத்துப் பேசுகிறது. எவ்வளவு பெரிய நூலைச் செய்தவனும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்று முதலில் சொல்கிறது. ஆகவே பாயிரத்தை அவன் ஆசிரியரோ, கூடப் படித்தவரோ, மாணவரோ, உரைகாரரோ எழுதட்டும் என்கிறது. இன்றைய 'ரெஃபரன்ஸ்' அதுதான். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. நான்கு இடங்களில் தற்புகழ்ச்சி தகும் என்று அடுத்து விலக்கும் கொடுக்கிறது. அரசவைக்கு ஓலை எழுதும்போது. தன் ஆற்றலை அறியாதவர் நடுவில். சபையில் வாதத்தில் வெல்ல வேண்டியபோது. எதிராளி தன்னைப் பழித்தபோது.

முதல் இரண்டையும் திரும்பப் படியுங்கள். அதிகாரம் உள்ள இடத்துக்கு எழுதும் ஓலை. உன்னைத் தெரியாத ஆள். வேலைக்கு விண்ணப்பிப்பது என்பதற்கு இதைவிடத் துல்லியமான வரையறை கிடையாது. கூடவே, நூலின் சிறப்புப்பாயிரத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று எட்டு விஷயங்களைச் சொல்கிற இடத்தில், ஆக்கியவன் பெயரோடு கேட்போர் யார், பயன் என்ன என்பதையும் சேர்க்கிறது. நம் ரெஸ்யூமில் ஆக்கியோன் பெயர் இருக்கிறது, அப்பா பெயர்கூட இருக்கிறது. கேட்போரும் பயனும் இல்லை.

நல்ல ரெஸ்யூமுக்கு என் அளவுகோல் ஒன்றே. அதில் உள்ள எந்த வரியின் மேல் விரலை வைத்து "இதைச் சொல்லு" என்றாலும் எழுதியவரால் பத்து நிமிஷம் பேச முடிய வேண்டும். முடியாத வரியை எடுத்துவிடு. லட்சியம், உழைப்பு, பொழுதுபோக்கு எல்லாம் அப்போதே உதிர்ந்துவிடும். மிச்சம் இருப்பதில் என்ன செய்தாய், எவ்வளவு, அதனால் என்ன மாறியது என்று எழுது. "நான்கு குடும்பங்கள் பகிரும் மோட்டார் இல்லாத பாசனக் குழாயில் வண்டல் வடிகட்டி அமைத்தேன், வாரம் இருமுறை வந்த அடைப்பு மாதம் ஒருமுறையாகக் குறைந்தது." "ஆறு அறை விடுதியின் முன்பதிவு, கணக்கு, விருந்தினர் புகார்களை நான்கு ஆண்டுகள் தனியாகக் கவனித்தேன்." ஆங்கிலத்தில் எழுதும்போதும் இதே எளிமை போதும். நேர்காணல் எடுக்கிறவனாகச் சொல்கிறேன், இப்படி ஒரு வரி கண்ணில் பட்டால் கேள்வி தானாக வருகிறது. கேள்வி வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எந்த வேலைக்கு அனுப்புகிறோமோ அதற்குப் பொருந்துவதை மேலே ஏற்று, மற்றதைக் கீழே இறக்கு. ஒரு பக்கம் போதும்.

ரெஸ்யூம் பற்றிப் பேசுகிற எல்லாரும் லியொனார்டோ டாவின்சியை இழுப்பார்கள். 1482 வாக்கில் மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சாவுக்கு வேலை கேட்டு அவர் எழுதிய கடிதம் அது. போர்க்காலப் பாலம், முற்றுகைக் கருவி, பீரங்கி என்று ஆட்சியாளருக்குத் தேவையானதை முதலில் அடுக்கி, ஓவியத்தைக் கடைசியில் வைத்தார் என்பதோடு கதையை முடித்துவிடுவார்கள். முக்கியமானது அந்தக் கடிதத்தின் முடிவு. இதில் எதையாவது முடியாதது என்று யாராவது நினைத்தால், உங்கள் தோட்டத்திலோ நீங்கள் சொல்லும் இடத்திலோ செய்து காட்டத் தயார் என்கிறார். நாம் போடும் உறுதிமொழிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். நம்முடையது சத்தியம் பண்ணுகிறது, அவருடையது சோதித்துப் பார் என்கிறது.

இனி எல்லாரும் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். "அண்ணே, பொய் எழுதினவனுக்குத்தானே வேலை கிடைக்குது?" சில சமயம் கிடைக்கத்தான் செய்கிறது. மறுக்க மாட்டேன். இல்லாத கம்பெனியில் இரண்டு வருஷ அனுபவச் சான்றிதழ் வாங்கி உள்ளே போனவர்கள் உண்டு. பின்னணிச் சரிபார்ப்பில் மாட்டி வேலையை விட்டுப் போனவர்களும் உண்டு. ஆனால் நான் ஒழுக்கம் பேச வரவில்லை, கணக்குப் பேசுகிறேன். பொய்யும் ஒரு சந்தை. அங்கே நல்ல பொய்க்கு நல்ல விலை. ப்ராஜெக்ட் விலைக்கு, சான்றிதழ் விலைக்கு, கான்வென்ட் ஆங்கிலம் பன்னிரண்டு வருஷ ஃபீஸ் விலைக்கு. அந்தச் சந்தையில் பூம்பாறைக்காரன் சென்னைக்காரனை எந்தக் காலத்திலும் ஜெயிக்க முடியாது. காசு கொடுத்து வாங்க முடியாத சரக்கு ஒன்றே ஒன்று அவனிடம் இருக்கிறது: தானே செய்த வேலை. அதைத் தூக்கிப்போட்டுவிட்டுப் பொய்ச் சந்தைக்குள் வரச் சொல்வது, அவனைத் தோற்கத் தயார்படுத்துவது. இதைத்தான் நாம் வேலைவாய்ப்புப் பயிற்சி என்று அழைக்கிறோம்.

உண்மையை நன்றாக எழுதிவிட்டால் கதவு திறந்துவிடும் என்றும் சொல்ல மாட்டேன். சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் 2005 அக்டோபரிலிருந்து 66 வாரம் பத்திரிகை வேலை விளம்பரங்களுக்குப் போலி விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்தார்கள். 548 விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள். ஒரே அளவு தகுதி, பெயர் மட்டும் வேறு: ஒன்று உயர்சாதி இந்துப் பெயர், ஒன்று தலித் பெயர், ஒன்று முஸ்லிம் பெயர். உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் சாத்தியத்தை 1 என்று வைத்தால் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. 2007இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் வெளிவந்தது. அதே ஆண்டு அதே இதழில் சுரிந்தர் ஜோத்காவும் கேத்ரின் நியூமனும் தில்லி வட்டாரத்துப் பெருநிறுவனங்களின் மனிதவள அதிகாரிகளிடம் பேசி எழுதினார்கள். எல்லாரும் தகுதி, தகுதி என்கிறார்கள்; அதே மூச்சில் குடும்பப் பின்னணி கேட்பது அவசியம் என்றும் சொல்கிறார்கள்.

ஆகவே குறையை எழுதுகிறவன் தலையில் மட்டும் கட்ட முடியாது. ஆனால் அந்தக் குடும்பப் பின்னணியை நாமே ஏன் கேட்காமலே தட்டில் வைத்துக் கொடுக்கிறோம்? அப்பா பெயர், அப்பா தொழில், மதம், திருமண நிலை, நிரந்தர முகவரி, ஃபோட்டோ. கல்யாணத் தரகருக்குக் கொடுக்கும் பயோடேட்டாவையும் வேலை விண்ணப்பத்தையும் குழப்பிக்கொண்ட பழக்கம் இது. அரசு வேலை படிவத்தில் கேட்டால் அது சட்டப்படி உரிமைக்கானது, கட்டாயம் எழுது. தனியார் ரெஸ்யூமில் அந்த ஆறு வரியையும் வெட்டு. அந்த இடத்தில் உன் டிரம்மும் கம்பி வலையும் உட்காரட்டும்.

ஆள் எடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் அறுபது சதவீதம், அரியர் இருக்கவே கூடாது என்று சல்லடை போடுவது நீங்கள். விண்ணப்பப் படிவத்தில் 'முந்தைய சம்பளம்' என்ற கட்டத்தைக் கட்டாயமாக்கி, சம்பளம் இல்லாத வேலையை அழிப்பதும் நீங்கள். அப்புறம் இந்தப் பையன்களுக்குப் பிரச்சினையைத் தீர்க்கத் தெரியவில்லை என்று மாநாடு போட்டு அழுவதும் நீங்கள்தான். "சம்பளம் வாங்கியோ வாங்காமலோ நீங்கள் பழுது பார்த்த, நடத்திய, மாற்றிய ஒன்றைச் சொல்லுங்கள்" என்று ஒரே ஒரு கட்டம் சேர்த்துப் பாருங்கள். வருகிற பதிலைப் படிக்க ஆறு விநாடி போதாது.

கல்லூரிகள் பயிற்சியாளருக்குக் கொடுக்கும் மூன்று நாளில் ஒரு நாளைத் திருப்பிக் கேட்கிறேன். டெம்ப்ளேட் வேண்டாம். ஆளுக்கொரு வெள்ளைத் தாள், தமிழில். பத்து வயதிலிருந்து இதுவரை நீ செய்த வேலை எல்லாவற்றையும் எழுது. தேயிலைக் கடையில் நின்றது, பஸ் ஸ்டாண்டில் பேரிக்காய் விற்றது, பாட்டியை வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் மாத்திரைக் கணக்கு வைத்தது, எல்லாம். பக்கத்தில் எவ்வளவு, எத்தனை பேர், எத்தனை வருஷம் என்று எண் போடு. அதிலிருந்து ஐந்து வரியை எடுத்து ஆங்கிலத்தில் மாற்ற வாத்தியார் உதவட்டும். கடைசியில் அந்த உறுதிமொழியை அடித்துவிடலாம். தேவைப்படாது.